ஓயாத எச்சரிக்கை: தாங்கு வழங்கிகளிற் பழுதறியும் முறை

கணினி என்றவுடன் மேசைமீது வைத்து ஒருவர் பயன்படுத்தும் பொறியே நம்மவர் பலர்க்கும் நினைவில் வருவதாகும். பல்கலைக்கழகம், வைத்தியசாலை, வங்கி முதலியவற்றின் அலுவல்களைச் சுமந்து நிற்பதோ சேர்வர் எனப்படும் வழங்கிக் கணினி. ஒரு வழங்கியின் ஆற்றலைப் பல கூறாகப் பகிர்ந்து, ஒவ்வொரு கூறும் தனிக் கணினிபோல் இயங்கச் செய்யும் முறை மெய்நிகராக்கம் எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தார் இம்முறையை 1960களிலேயே தம் பெருங்கணினிகளிற் கைக்கொண்டனர். 1998இல் தோன்றிய விஎம்வெயார் நிறுவனம் அதனைச் சாதாரண வழங்கிகளுக்கும் பரப்பிற்று. மெய்நிகர்க் கணினிகள் பலவற்றைத் தன்மேல் ஏற்றிருக்கும் உண்மைப் பொறியையே ஈண்டுத் தாங்கு வழங்கி என்கின்றோம்.

இவ்விடயம் வன்னி நிலத்திற்குப் புறம்பானதன்று. 2014இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிற்று. வவுனியாவில் அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று கல்லூரியில் எம்மோடிருக்கும் மாணவருட் சிலர் நாளை வழங்கி அறைகளின் பொறுப்பை ஏற்பர் என்பது திண்ணம். அவர்க்கு நேரக்கூடிய இடர்களுள் ஒன்றை ஆராய்வோம். பழுதான உறுப்பை மாற்றியபின்னரும், சிலவேளை பழுதொன்றும் புலப்படாதபோதும், முகாமைத் திரையிற் செந்நிற எச்சரிக்கை நாட்கணக்காக நீங்காதிருப்பதுண்டு. அது ஏன்?

எச்சரிக்கை வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும். வழங்கியினுள் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் உள. அவற்றின் அளவீடுகளைத் தாய்ப்பலகையிலுள்ள பி.எம்.சி. என்னும் தனிச் சில்லு ஓயாது கண்காணிக்கின்றது. வழங்கி நிறுத்தப்பட்டிருப்பினும், மின்வடம் செருகப்பட்டிருக்கும்வரை இச்சில்லு விழித்திருக்கும். டெல் வழங்கிகளில் இவ்வேற்பாட்டை ஐடிராக் என்றும், எச்.பி. வழங்கிகளில் ஐலோ என்றும் அழைப்பர். சில்லு தான் கண்டவற்றை நிகழ்வுப் பதிவேட்டில் எழுதும். மெய்நிகராக்க மென்பொருள் அச்சில்லினை வினவி விடை பெறும். அவ்விடையை முகாமைத் திரை நமக்குக் காட்டும். ஆகவே திரையில் நாம் காண்பது பழுதையன்று. பல கைமாறி வந்த பழுதின் செய்தியையே.

குளத்தின் அளவுக் கம்பத்தைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். சென்ற மாரியில் உயர்ந்த வெள்ளத்தின் சேற்றுக்கோடு அக்கம்பத்திற் கோடையிலும் தெரியும். அக்கோடு பொய்யன்று, ஆயினும் இன்றைய நீர்மட்டம் அதுவன்று. பதிவேட்டில் அழிக்கப்படாதிருக்கும் பழைய பதிவும் அத்தகையதே. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடெங்கும் மின்சாரத்தைத் துண்டித்தது. இவ்வாறு மின் அற்றுப்போகும்போது, 'மின்வழங்கல் இழப்பு' என்ற குறிப்புப் பதிவேட்டில் ஏறுகின்றது. மின் மீண்டபின்னரும் அக்குறிப்பு நிலைத்திருந்து எச்சரிக்கையாகத் தோன்றலாம்.

அதனால் எச்சரிக்கைகள் யாவும் பழங்கதை எனக் கொள்ளல் ஆகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எம் பகுதியிற் புழுதி மிகுதி. அது வடிகளை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைக்க, உள்வெப்பம் ஏறும். வழங்கியினுட் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நன்றென்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் பரிந்துரை. அறையின் குளிரூட்டி நின்றால் எம் வெயிலில் இவ்வெல்லை விரைவிற் கடக்கும்.

எனவே, ஆராயும் முறை பின்வருமாறு அமைதல் வேண்டும்.

முதலாவது, முகாமைத் திரையை விடுத்து, பி.எம்.சி. சில்லின் சொந்தப் பக்கத்தையே நேரிற் பார்த்தல். இரண்டும் ஒத்திருந்தால் பழுது உண்மையாயிருத்தல் கூடும். சில்லு நலம் என்றுரைக்கத் திரைமட்டும் சிவந்திருந்தால், செய்தி இடையில் தேங்கியுள்ளது.

இரண்டாவது, பதிவேட்டின் திகதியையும் நேரத்தையும் வாசித்தல். கடிகாரம் பிழையாயின் பதிவுகளின் நேரமும் பிழையாகும். ஆதலின் அதனையும் சரிபார்த்தல் வேண்டும். பதிவேடு நிரம்பியதே தனியோர் எச்சரிக்கையாவதும் உண்டு.

மூன்றாவது, உறுப்பைக் கண்ணாற் காணல். மின்வழங்கிகள் இரண்டனுள் ஒன்றின் வடம் தளர்ந்திருப்பினும் எச்சரிக்கை எழும். நினைவகப் பழுதாயின், முதலில் மெய்நிகர்க் கணினிகளை வேறொரு தாங்கு வழங்கிக்கு நகர்த்தி, பொறியை நிறுத்தி, ஐயத்துக்குரிய நினைவகத் தகட்டை வேறு துளையில் மாற்றிச் செருகல் வேண்டும். பழுது தகட்டோடு சென்றால் தகடு குற்றமுடையது. பழைய துளையிலேயே நின்றால் தாய்ப்பலகையே ஐயத்துக்குரியது.

நான்காவது, மேற்கூறியன முடிந்தபின்னரே பதிவேட்டைப் படியெடுத்து வைத்து, மூலப் பதிவை அழித்து, முகாமைச் சேவைகளை மீளத் தொடக்குதல். இதனால் மெய்நிகர்க் கணினிகள் பொதுவாக நிற்பதில்லை. அதற்கும் அசையாவிடின் சில்லினை மீளத் தொடக்கி, அதன் நிலைபொருளைப் புதுப்பித்தல் தகும்.

இவ்வொழுங்கை மாற்றி, எச்சரிக்கையை முதலில் அடக்கிவிட்டுப் பின்னர் ஆராய எண்ணுவோர் சான்றை இழக்கின்றனர். காட்டி ஒன்று, உண்மை மற்றொன்று என்பதை மறந்ததன் விளைவை 1979 மார்ச் 28ஆந் திகதி அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் உலகிற்குக் காட்டிற்று. ஒரு வால்வு மூடியதென அங்கு விளக்கு அறிவித்தது. உண்மையில் அவ்விளக்கு, மூடுமாறு கட்டளை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வோ திறந்தே கிடந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் குளிர்நீரை வெளியேற்றிற்று. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தமையால் எது முதன்மையானதெனப் பணியாளராற் பிரித்தறிய முடியவில்லை.

தாங்கு வழங்கி ஒன்று வீழ்ந்தால் அதன்மேலுள்ள மெய்நிகர்க் கணினிகள் யாவும் உடன் வீழும். மாணவர் புள்ளிகளும் நோயாளர் குறிப்புகளும் ஒரே நொடியில் எட்டாதனவாகும். பொய் எச்சரிக்கையை நாட்கணக்கில் விட்டுவைப்பதன் கேடு இதுவே: கண் அச்சிவப்புக்குப் பழகிவிடும், உண்மை எச்சரிக்கை அதனருகே தோன்றும் நாளில் ஒருவரும் திரும்பிப் பாரார். ஆதலின் இளைஞர் இவ்வொன்றை மனங்கொள்வாராக: எச்சரிக்கையை நம்பவும் வேண்டா, புறக்கணிக்கவும் வேண்டா, அது பிறந்த இடத்துக்குச் சென்று விசாரித்து அறிதல் வேண்டும்.