ஆணி அடிக்காமல் திரைச்சீலை

கேள்வி: சேலையூரில் வாடகை வீடு. சுவரில் துளை போடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் தாங்கவில்லை. குறைந்த செலவில் திரை போட வழி உண்டா?
— ஒரு வாசகி

பதில்: ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி இருந்தால் கவலையில்லை. ஸ்பிரிங் வைத்த, நீளும் கம்பி வாங்கி இரு பக்கச் சுவருக்கும் நடுவே முறுக்கி இறுக்கினால் நிற்கும். கனமான துணி மட்டும் வேண்டாம், நழுவும். மரச்சட்டம் என்றால் இரண்டு சின்னக் கொக்கியும் ஸ்பிரிங் ஒயரும் போதும். அதற்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

துணிக்கு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையை முதலில் பாருங்கள். மாம்பலத்துக்கு ரயிலேறி ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்குவது அப்புறம். அகலம் ஜன்னலைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். என்னைக் கேட்டால், பீரோவில் தூங்கும் பழைய பருத்திப் புடவையே போதும். இரண்டாக மடித்துத் தைத்தால் வெயிலும் மட்டுப்படும். அடர்நிறம் சீக்கிரம் வெளுக்கும், வெளிர்நிறமாக எடுங்கள்.