கொள்கைக் கேள்விக்கு ஒரு நிலைப்பாடு

அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எம்கேட் தேர்வுக்கும் ஆய்வக அனுபவத்துக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். பிறகு கல்லூரிகள் கேட்கும் ‘செகண்டரி’ கட்டுரைகளிலும் நேர்காணலிலும் வேறு வகைக் கேள்விகள் வந்து நிற்கின்றன. எல்லோருக்கும் அரசே காப்பீடு தர வேண்டுமா? மருந்து விலையை யார் கட்டுப்படுத்துவது? வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட்டைப் பெற வேலை பார்ப்பதை நிபந்தனையாக்கலாமா? இவற்றுக்குப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை, இரு தரப்பு வாதங்களையும் சொல்லி, ‘இது சிக்கலான விஷயம்’ என்று முடித்துவிடுங்கள் என்பது. அது தவறான அறிவுரை என்றே நினைக்கிறேன். முழுமையில்லாத ஆதாரங்களை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவதும், அந்த முடிவால் என்ன இழப்பு என்பதை மறைக்காமல் சொல்வதும் மருத்துவரின் அன்றாட வேலை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்கும் நோயாளியிடம் ‘இரண்டுக்கும் நியாயம் உண்டு’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட முடியாது. கொள்கைக் கேள்வி சோதிப்பதும் அந்தத் திறனைத்தான்.

முதல் வேலை, பணம் எங்கிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது. அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காப்பீடு, வேலை கொடுக்கும் நிறுவனத்தின் வழியாக வருகிறது. 65 வயது நிறைந்தவர்களுக்கு மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிகெய்ட். இரண்டும் 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவை. மெடிகேர் ஒன்றிய அரசின் திட்டம். மெடிகெய்ட் செலவை ஒன்றிய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் அதன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் அடுத்து எவ்வளவு நன்றாகப் பேசினாலும் மதிப்பு குறைந்துவிடும். ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்றது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்றது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மெடிகெய்ட்டை விரிவாக்கியது. அந்த விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸும் ஃபுளோரிடாவும் இன்றுவரை விரிவாக்கவில்லை. 2023-இல் நாட்டின் மருத்துவச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர், மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். அத்தனை செலவழித்தும் அந்த ஆண்டு சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்குக் காப்பீடு இல்லை. பதில் சொல்லும்போது இவற்றில் ஓரிரு எண்களுக்கு மேல் வேண்டாம். மற்றவை நீங்கள் தடம் மாறாமல் பேசுவதற்காக.

அடுத்து, கேள்வியைச் சிறிதாக்குங்கள். ‘எல்லோருக்கும் அரசுக் காப்பீடு வேண்டுமா’ என்பதற்கு 5 நிமிடத்தில் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. ‘இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன்; வருமானம் குறைந்தவர்களுக்குக் காப்பீடு கொடுத்தால் என்ன மாறுகிறது என்று பார்ப்போம்’ என்று வெளிப்படையாகச் சொல்லித் தொடங்குவது நழுவல் ஆகாது. பதில் சொல்லக்கூடிய வடிவத்துக்குக் கேள்வியைக் கொண்டுவருவதும் மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

ஆதாரம் என்று வரும்போது ஒரே ஒரு ஆய்வை ஆழமாகப் படியுங்கள் என்று சொன்னால், ஆரகன் ஆய்வையே சொல்வேன். 2008-இல் ஆரகன் மாநிலம் மெடிகெய்ட்டில் இன்னும் சிலரைச் சேர்க்க முடிவெடுத்தது. இருந்த இடங்கள் கொஞ்சம். பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். வேறு வழியின்றிக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது அரிய வாய்ப்பு. அமி ஃபிங்கெல்ஸ்டைன், கேத்ரின் பைக்கர் முதலானோர், குலுக்கலில் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காப்பீடு கிடைத்தவர்களிடையே மனச்சோர்வு குறைந்தது. மருத்துவச் செலவால் குடும்பமே முழுகிப்போகும் நிலை ஏறக்குறைய மறைந்தது. சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு மருந்து எடுப்பவர்கள் கூடினார்கள். ஆனால் சுமார் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. காப்பீடு இருந்தால் மக்கள் குடும்ப மருத்துவரிடம் போவார்கள், எமர்ஜென்சிக் கூட்டம் குறையும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. எமர்ஜென்சி வருகை சுமார் 40 சதவீதம் கூடியது. மெடிகெய்ட்டை ஆதரிப்பவர் முதல் பாதியை மட்டும் சொல்வார், எதிர்ப்பவர் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வார். இரண்டையும் சொல்லிவிட்டு ஒரு முடிவுக்கும் வருகிறவரை நேர்காணல் செய்பவர் மறக்க மாட்டார்.

அந்த முடிவை எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லலாம்: “விரிவாக்கத்தை நான் ஆதரிக்கிறேன். காப்பீட்டின் முதல் வேலை, நோய் வந்தவரைக் கடனாளி ஆகாமல் காப்பது. அதை அது செய்கிறது என்று ஆரகன் காட்டியது. இதனால் அரசின் செலவு மிச்சமாகும் என்று நான் சொல்ல மாட்டேன், செலவு கூடும். குடும்ப மருத்துவர்கள் போதாத ஊரில் காப்பீட்டு அட்டை மட்டும் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது. அதே பணத்தை நேரடியாக ஆரம்ப சுகாதார மையங்களுக்குக் கொடுத்தால் இதைவிட அதிகம் பேர் குணமாவார்கள் என்று நல்ல ஆய்வு காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.” நிலைப்பாடு, காரணம், அதன் விலை, எது தெரிந்தால் மாறுவேன் என்ற எல்லை என நான்கும் இதில் இருக்கின்றன. எதிர்நிலை எடுப்பவரும் இதே நான்கையும் சொல்லி இதே அளவு நல்ல பதில் தரலாம்.

சில கேள்விகளில் ஆதாரமும் விழுமியமும் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுங்கள். 2025 ஜூலையில் சட்டமான மெடிகெய்ட் வேலை நிபந்தனை நல்ல எடுத்துக்காட்டு. உடலில் வலு உள்ளவர் உழைக்க வேண்டும் என்பது ஒரு விழுமியம். அதை மதிக்கலாம், மறுக்கலாம், ஆய்வு அதைத் தீர்க்காது. நிபந்தனை வைத்தால் வேலைக்குப் போவோர் கூடுவார்களா என்பது ஆதாரத்தால் தீரும் கேள்வி. ஆர்கன்சாஸ் 2018-இல் இதைச் செய்து பார்த்தது. நீதிமன்றம் தடுப்பதற்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள்; வேலைவாய்ப்பு கூடியதாக ஆய்வில் தெரியவில்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலை பார்த்தார்கள் அல்லது விலக்குக்குத் தகுதி பெற்றிருந்தார்கள்.

எதிரே இருப்பவர் வேறு கட்சிக்காரராக இருந்தால் மதிப்பெண் போய்விடாதா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் கருத்துவேறுபாட்டைவிடக் கோபமூட்டுவது, மாற்றுக் கருத்துக்காரரை இரக்கமற்றவர் என்றோ விவரமற்றவர் என்றோ சித்திரிப்பது. எதிர்த்தரப்பின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துச் சொல்லிவிட்டு மாறுபடுபவரை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. எல்லாவற்றையும் மீறி ஒருவர் பாரபட்சம் காட்டக்கூடும். அதற்குப் பயந்து எல்லோரிடமும் மழுப்பினால், நியாயமாக மதிப்பிடும் பலரிடமும் தோற்பீர்கள். இருபத்திரண்டு வயதில் இதையெல்லாம் சொல்ல என்ன தகுதி என்றும் கேட்கலாம். நாளைக்கு இதே விதிகளுக்குள் மருந்து எழுதப்போகிறவருக்கு அவற்றைப் பற்றி யோசிக்கும் கடமை உண்டு. அடக்கம் வேண்டியது நிலைப்பாட்டின் உறுதியில்தான். நிலைப்பாடே இல்லாமல் இருப்பது அடக்கம் ஆகாது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெளியிடத்தில் அரசியல் பேசாதே என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அதை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டை உதாரணம் காட்ட ஆசை வந்தால் தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் அளந்து காட்டுங்கள். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்குகிறது. மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேச 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்ததோடு இதை ஒப்பிடலாம். பெரிய அளவில் வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலு உண்டு என்ற வரை ஒப்பீடு நிற்கும். கழகம் வாங்குவது பெரும்பாலும் காப்புரிமை முடிந்த மருந்துகள், மெடிகேர் பேரம் பேசுவதோ போட்டி மருந்து இல்லாத விலையுயர்ந்தவற்றுக்கு என்ற வேறுபாட்டை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியை எழுத்தில் தொடங்கி வாய்ப்பேச்சுக்குக் கொண்டுபோங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி, மறுநாள் தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பல கல்லூரிகள் நடத்தும் எம்.எம்.ஐ. (பல சிறு நேர்காணல்கள்) முறையில் அறைக்கு அறை கேள்வி மாறும். படித்து யோசிக்க இரண்டு நிமிடம் போலத்தான் கிடைக்கும் என்பதால், மனப்பாடம் செய்த உரை அங்கே உதவாது. உங்களோடு உடன்படாத நண்பர் ஒருவரைக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு முன்வாரம், கல்லூரி இருக்கும் மாநிலம் மெடிகெய்ட்டை விரிவாக்கியதா, அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் பெரும்பாலும் யார் என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஆய்வு ஒன்றைச் சொல்லி எதிரே இருப்பவர் மடக்கினால், அது எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின் உங்கள் கருத்து அதனால் எவ்வளவு மாறுகிறது, எந்த இடத்தில் மாறவில்லை என்று சொல்லுங்கள்.