தெரியவில்லை என்று சொல்லும் டிரைவர்

போளூர்,
கொடைக்கானல் மேல்மலை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உங்கப்பா காலையிலேயே பூண்டு வயலுக்குப் போய்விட்டான். நீ கேட்டதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பாதியிலேயே லைன் போய்விட்டது. பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கிளவுட் வழியே வீடியோ கொண்டுபோகும் சேவைகளை உங்கள் கன்ட்ரோல் ரூமின் கண்காணிப்பு மென்பொருளோடு இணைக்க வேண்டும், டிரைவர் பட்டியலை உன் கையில் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் இது பெரிய பொறுப்பு. அவசரப்படாதே.

டிரைவர் என்பது துபாஷி. அந்தக் காலத்து மதராஸிலும் புதுச்சேரியிலும் கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்றவர்களைப் போல, சேவை பேசும் மொழியைக் கேட்டு உன் திரைக்குப் புரியும்படி சொல்கிறது. உன் கட்டளையைத் திரும்ப அங்கே கொண்டுபோகிறது. துபாஷிக்குப் பதில் தெரியாதபோது என்ன செய்வான் என்பதுதான் அவனைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கோயில் திருவிழா நேரலை. கிளவுட் சேவைக்குள் நுழைய டிரைவர் வைத்திருந்த சாவி இரவோடு இரவாகக் காலாவதியாகிவிட்டது. அதன்பின் அதற்கு எந்தத் தகவலும் வரவில்லை. ஆனால் கடைசியாக வந்த பிட்ரேட்டையே திரையில் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஃபீட் நின்றுபோனது, எங்களுக்குத் தெரியாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் போன் செய்துதான் தெரிந்தது. அந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள் இருந்தன என்பதற்காகவே எடுத்தேன். தகவல் வராவிட்டால் என்ன காட்டும் என்று ஒருநாளும் சோதிக்கவில்லை.

நம் மலையிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். மேகம் மூடிய நாளில் படம் கிடையாது; அந்த நாள் வரிசையில் இடைவெளியாகவே நிற்கும். முந்தைய நாள் படத்தை எடுத்து அங்கே ஒட்டியிருந்தால் அந்த நூற்றாண்டுப் பொக்கிஷத்தை இன்று யார் நம்பியிருப்பார்கள்? உன் டிரைவரும் அப்படி இருக்க வேண்டும். பதில் வராத இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டி, கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்து, டிரைவர் சேவையிடம் எதைக் கேட்கிறது என்று பார். அமேசானின் மீடியாகனெக்ட்டை எடுத்துக்கொள். 2018 நவம்பரில் வந்த சேவை. அதில் ஒரு வீடியோ போகும் வழியை ஃப்ளோ என்பார்கள். ஒரு ஃப்ளோ ஆக்டிவ் என்று காட்டினால், ஃப்ளோ ஓடுகிறது என்று மட்டுமே பொருள். உள்ளே வீடியோ வருகிறதா என்பது வேறு கேள்வி. ஃப்ளோவின் நிலையை மட்டும் கேட்டு வந்து பச்சை விளக்கு எரியவிடும் டிரைவரை எடுக்காதே. சோர்ஸ் இணைந்திருக்கிறதா, பிட்ரேட் எவ்வளவு, தொலைந்த பாக்கெட்டுகளில் எத்தனை மீண்டன, எத்தனை மீளவே இல்லை என்பவை தனித்தனியாக வர வேண்டும். இரண்டு சோர்ஸ் வைத்திருந்தால் இரண்டும் தனித்தனி வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது படத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். யாரும் கவனிக்கமாட்டார்கள், இரண்டாவதும் சாகும்வரை.

எஸ்ஆர்டி இணைப்புகளில் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட நெறிமுறை அது. வழியில் பாக்கெட் தொலைந்தால் வாங்குபவர் திரும்பக் கேட்பார், அனுப்புபவர் மறுபடி அனுப்புவார். அதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் லேட்டன்சி என்று வைக்கிறோம். பழக்கத்தில் பாக்கெட் போய்வரும் நேரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வைப்பார்கள். போய்வர 30 மில்லிநொடி ஆகும் பாதைக்கு, எஸ்ஆர்டி இயல்பாகத் தரும் 120 போதும். 150 ஆகும் பாதையில் அதே 120-ஐ விட்டுவைத்தால், திரும்பக் கேட்ட பாக்கெட் வந்து சேர்வதற்குள் அதைக் காட்ட வேண்டிய நேரம் தாண்டிவிடும். ஆகவே போய்வரும் நேரமும் லேட்டன்சியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் டிரைவர் வேண்டும். மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கைவிட்டது மட்டும் பூஜ்ஜியமாக இருந்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாதை கெட்டுக்கொண்டிருக்கிறது. உனக்கு முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை அதுதான்.

ஒன்றை மறந்துவிடாதே. என்கோடர் உறைந்துபோன ஒரே காட்சியையும் அழகாகப் பாக்கெட் கட்டி அனுப்பும். பிட்ரேட் சரி, இழப்பு இல்லை, வீடியோ ஓட்டத்துக்கான டிஆர் 101 290 சோதனைகள் எல்லாம் தேறும். திரையில் மட்டும் சாமி அசையாமல் நிற்பார். போக்குவரத்தைப் பார்க்கும் டிரைவரிடம் படத்தின் உயிரைக் கேட்க முடியாது. அதற்குத் தனியாகப் படத்தையே சோதிக்கும் ஒரு புரோப் வை, அல்லது மனிதக் கண்ணை வை.

செலவையும் கணக்கிட்டுவிடு. அமேசான் இந்த அளவுகளைச் சேர்த்துவைக்கும் கிளவுட்வாட்ச்சில் மொத்தமாக அவற்றைக் கேட்கும்போது ஆயிரத்துக்கு ஒரு சென்ட் என்ற கணக்கு. 40 ஃப்ளோ, ஒவ்வொன்றுக்கும் 12 அளவு, 10 நொடிக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 41 லட்சத்துக்கு மேல், 41 டாலர். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஏழு டாலர்கூட ஆகாது. நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டு என்ன பயன்? வரம்பை மீறிக் கேட்டால் சேவையே உன்னைத் தடுத்து நிறுத்தும், அதுவும் எல்லா அலாரமும் ஒன்றாக வரும் நெருக்கடி நேரத்தில். கேட்கும் இடைவெளியை ஒவ்வொரு அளவுக்கும் தனியாக மாற்ற விடும் டிரைவரை எடு. நிலை மாறினால் சேவை தானாக அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது.

இனி கட்டுப்பாடு. பார்க்கும் சாவியையும் இயக்கும் சாவியையும் ஒன்றாக வைக்கச் சொல்லும் டிரைவர் எவ்வளவு பெயர்பெற்ற நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் வேண்டாம் என்று மேலதிகாரியிடம் துணிந்து சொல். பார்ப்பதற்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். இயக்கும் சாவிக்குக் குறிப்பிட்ட ஃப்ளோக்களைத் தொடங்க, நிறுத்த, சோர்ஸ் மாற்ற மட்டும் உரிமை கொடு. அழிக்கும் உரிமை எந்த டிரைவருக்கும் தேவையில்லை. பொத்தானை அழுத்தியதும் 'முடிந்தது' என்று காட்டுகிறதா, சேவையிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்தபின் காட்டுகிறதா என்றும் பார்.

ஸிக்ஸி போன்ற வீடியோ கொண்டுபோகும் சேவைகளில் எல்லா முனைகளையும் மேலிருந்து நிர்வகிக்கும் ஒரு தளம் இருக்கும். அதனோடு மட்டும் பேசினால் வேலை சுலபம். அந்தத் தளம் படுத்துவிட்டால் ஃபீட் ஓடிக்கொண்டிருந்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. முக்கியமான ஐந்தாறு முனைகளுக்காவது நேரடி டிரைவர் வைத்துக்கொள்.

நான் சிறுவனாக இருந்தபோது கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. தென்மாவட்டங்கள் முழுக்க மொட்டைமாடி ஆன்டெனாக்கள் இந்த மலையைப் பார்த்துத் திரும்பின. படம் போனால் கோபுரத்தில் இருக்கும் ஆள் எழுந்து டிரான்ஸ்மிட்டர் வரை நடந்துபோய் மீட்டரைப் பார்ப்பார். உன்னால் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் அந்தச் சர்வர் வரை நடக்க முடியாது. டிரைவர் சொல்வதுதான் உனக்கு மீட்டர். அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

இரண்டு மூன்று டிரைவர்களாகச் சுருக்கிவிட்டு, ஒரு சோதனை ஃப்ளோ வை. என்கோடரின் கேபிளைப் பிடுங்கு. பிறகு அதை மாட்டிவிட்டு டிரைவரின் சாவியை ரத்து செய். பிறகு பாதையில் வேண்டுமென்றே இரண்டு சதவீத இழப்பை உண்டாக்கு. ஒவ்வொரு தடவையும் எத்தனை நொடியில் நிறம் மாறியது, என்ன நிறம், அலாரத்தில் என்ன வாசகம் என்று நோட்டில் குறித்துக்கொள். ஆவணத்தில் எழுதியிருப்பதை அப்படியே காப்பி எடுக்காதே. எந்தப் பதிப்பில் சோதித்தாய் என்பதையும் எழுது. புதுப் பதிப்பு வந்தால் இதையெல்லாம் மறுபடி செய்யாமல் மாற்ற விடாதே.

அந்த நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. இங்கே மேடேறி நின்றால் சாயங்காலம் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும், பார்த்துவிடுகிறேன். சாவியை ரத்து செய்தபோது என்ன நிறம் வந்தது என்பதை முதல் பக்கத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா