கணிச்சமும் பென்சில் கோடும்

கேள்வி: ஐயா, நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். கப்பல் அதிகாரி படிப்பில் முதலாண்டு. வகுப்பில் பேரலல் ரூலர், டிவைடர், பென்சில் கொடுத்துக் கடல் வரைபடத்தில் கோடு போடச் சொல்கிறார்கள். ரூலர் நழுவுகிறது. மூன்று கோடு போட்டால் ஒரு புள்ளியில் சேருவதே இல்லை. இப்போது கப்பலில் எல்லாம் திரைதான், காகிதமே கிடையாது என்கிறார்கள் சீனியர்கள். விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தபோது அப்பா பார்த்துவிட்டு, "மக்கா, இதத்தான நாங்க கணிச்சம்னு சொல்லுகோம்? இதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்?" என்று கேட்டார். அவர் சொல்வது சரிதானா? இந்தக் கருவிகளைப் பிடித்துப் பழக வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அப்பா சொன்னது முழுக்கச் சரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணிச்சம் என்றால் என்ன? கரையில் முன்னால் ஒரு கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்துவிட்டால், வள்ளம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ நிற்கிறது. வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம் அதே நேரத்தில் சேர்ந்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் இருக்கிறது. அடியில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு இருக்கிறது, மீன் இருக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் 'ட்ரான்சிட்' என்று வருவது இதுவேதான். கடலில் கிடைக்கும் கோடுகளிலேயே மிகத் துல்லியமானது இது. ஏனென்றால் இதில் காம்பஸ் இல்லை. காம்பஸ் இல்லாததால் அதன் பிழைகளும் இல்லை.

இன்னும் ஒன்று. கடலை அளக்கும் சர்வே கப்பல்காரர்கள், கரையிலுள்ள மூன்று பொருள்களுக்கு இடையிலான இரண்டு கோணங்களை செக்ஸ்டன்ட்டில் எடுத்து, 'ஸ்டேஷன் பாயின்டர்' என்ற மூன்று கைக் கருவியை வரைபடத்தில் வைத்து இடம் குறித்த காலம் உண்டு. அதிலும் காம்பஸ் கிடையாது. கணிச்சத்தில் முன்னடையாளத்துக்கும் பின்னடையாளத்துக்கும் இடையிலான கோணம் சுழியம். கோணத்தை அளக்கக் கருவி எதுவும் தேவைப்படாத ஒரே நிலை அதுதான். அதைக் கண்ணாலேயே பிடித்தவர்கள் நம் ஆட்கள். உங்கள் அப்பா கேட்டதில் இருந்த பெருமை நியாயமானது.

அப்படியானால் சாமான் எதற்கு? எல்லா நேரத்திலும் இரண்டு அடையாளம் வாகாக நேரில் வந்து நிற்காது. உங்கள் கப்பல் பாரைத் தேடிப் போவதில்லை. ஒரு வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. அப்போது ஒவ்வோர் அடையாளத்தையும் தனித்தனியாகக் காம்பஸில் பார்த்து, அந்தத் திசைகளைக் காகிதத்தில் இறக்க வேண்டும். அதற்குத்தான் ரூலர்.

நம் கடலிலேயே ஒரு பயிற்சிக் கணக்கு தருகிறேன். முட்டத்துக்குத் தென்கிழக்கே, கரையிலிருந்து சில மைல் தள்ளிக் கப்பல். முட்டம் கலங்கரை விளக்கம் காம்பஸில் 320 டிகிரி, மருந்துவாழ்மலை 49, விவேகானந்தர் பாறை 76. குமரிக் கடலில் காந்த வடக்கு, மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 டிகிரி மேற்கே விலகியிருக்கிறது. காம்பஸிலிருந்து மெய்த்திசைக்கு மாற்றும்போது விலகல் மேற்கென்றால் கழி, கிழக்கென்றால் கூட்டு. ஆக 318, 47, 74. கப்பலின் இரும்பால் வரும் பிழை இங்கே இல்லையென்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அதையும் அட்டவணை பார்த்துத் திருத்தியாக வேண்டும். முட்டமும் மலையும் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டுகின்றன. அந்த வெட்டு உறுதியானது. மலைக்கும் பாறைக்கும் இடையில் 27 டிகிரிதான். அந்த இரண்டு கோடு மட்டும் கையில் இருந்தால், பார்வையில் ஒரு டிகிரி பிசகினாலும் புள்ளி வெகுதூரம் ஓடிவிடும்.

இனி ரூலர். வரைபடத்தில் உள்ள காம்பஸ் வட்டத்தில் வைத்து, நடத்திக்கொண்டே அடையாளம் வரை போக வேண்டும். ஒரு சட்டத்தை உள்ளங்கை அழுந்த அமுக்கி, மற்றதை மட்டும் நகர்த்துங்கள். விரல்நுனியால் அமுக்கினால் நழுவும். எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் கோடு போட்டுவிடாதீர்கள். வந்த வழியே வட்டத்துக்குத் திரும்ப நடத்திப் பாருங்கள். அதே டிகிரியில் வந்து நின்றால்தான் கோடு. இந்த ஒரு பழக்கம் போதும், உங்கள் நழுவல் பாதி தீர்ந்துவிடும். உருளும் ரூலர் வகுப்பு மேசையில் சுகமாக இருக்கும். கப்பல் ஆடும்போது அது தானே உருண்டு போகும்.

பென்சில் 2பி. கோட்டை மலையிலிருந்து கப்பல் வரை இழுக்காதீர்கள். கப்பல் இருக்கும் பக்கத்தில் சிறு துண்டு போதும். வெட்டுமிடத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் நேரம். நேரம் எழுதாத புள்ளியை நான் புள்ளியாகவே மதிப்பதில்லை.

மூன்று கோடும் ஒரு புள்ளியில் சேரவில்லை என்று வருந்துகிறீர்கள். சேராது. ஒரு சிறு முக்கோணம் விழுவதுதான் இயல்பு, அது உங்கள் பிழையின் அளவைக் காட்டுகிறது. எப்போதும் சுருக்கென்று சேர்ந்துவிடுகிற பயிற்சி நோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். முக்கோணம் சிறியதென்றால் நடுவில் குறியுங்கள். அருகில் பாறையோ ஆழம் குறைந்த இடமோ இருந்தால், அதற்கு மிக நெருங்கிய மூலையில் கப்பல் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணம் பெரியதென்றால் மறுபடி பாருங்கள். திசை எடுக்கும் வரிசையும் முக்கியம்: முன்னும் பின்னும் இருப்பவை மெதுவாக மாறும், அவற்றை முதலில் எடுங்கள், கப்பலுக்குப் பக்கவாட்டில் இருப்பது வேகமாக மாறும், அதைக் கடைசியில் எடுத்து உடனே நேரம் குறியுங்கள்.

டிவைடரைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். அட்சரேகையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆகவே தூரத்தை வரைபடத்தின் இடது, வலது ஓரங்களில்தான் அளக்க வேண்டும், அதுவும் கப்பல் நிற்கும் அட்சரேகைக்கு நேராக. மேல், கீழ் ஓரம் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகை. இங்கே கீழ் ஓரத்தில் அளந்தாலும் நூறு மைலுக்கு ஒரு மைல்தான் பிசகும், யாருக்கும் தெரியாது. அதே கையோடு குஜராத்தின் வேராவல் பக்கம், 21 டிகிரிக்குப் போனால் நூறுக்கு ஏழு மைல் பிசகும். நம் தூத்தூர்ப் படகுகள் போகிற கடல்தானே அது.

காந்த விலகலும் இப்படித்தான். நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது, காம்பஸ் வட்டத்தின் மெய்வடக்கு காட்டும் வெளிவளையத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், காந்த வடக்கு காட்டும் உள்வளையத்தைப் பார்த்துக் கோடு போட்டேன். நம்மூர்க் கடலாக இருந்தால் 2 டிகிரியோடு போயிருக்கும். அது நன்னம்பிக்கை முனைப் பக்கம். விலகல் 20 டிகிரிக்கு மேல். காவலில் இருந்த அதிகாரி சரிபார்த்ததால் கப்பல் தவறான திசையில் திரும்பவில்லை. குமரிக் கடல் தவறைப் பொறுத்துக்கொள்ளும் கடல். அதில் பழகுகிறவர் இரண்டு மடங்கு கவனமாகப் பழக வேண்டும்.

திரை இருக்கிறதே என்கிறார்கள் சீனியர்கள். இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் அது காட்டும் இடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. பாரசீக வளைகுடாவிலும் செங்கடலிலும் அண்மை ஆண்டுகளில் அந்தச் சைகையைக் குலைப்பதும் பொய்யாகக் காட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கப்பல் கரைமேல் நிற்பதாகத் திரை காட்டும். அப்போது ஜன்னல் வழியே இரண்டு அடையாளத்தைப் பார்த்து, அதே திரையில் திசைக்கோடு போட்டுச் சரிபார்க்கிறவரே காவலில் இருக்கத் தகுந்தவர். அந்தக் கை காகிதத்தில்தான் பழகும்.

பழைய இந்திய வரைபடம் கையில் கிடைத்தால் தலைப்புக்குக் கீழுள்ள குறிப்பைப் படியுங்கள். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்டன், முக்கோணம் முக்கோணமாகக் குமரி முனை வரை வந்தார். அந்த அளவைகளும் சேர்ந்து உருவானதே 1830-இன் எவரெஸ்ட் புவி வடிவம். பழைய படங்கள் அதன் மேல் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் வேறொரு வடிவத்தைக் கொண்டது. அது தரும் எண்ணை அப்படியே எடுத்துப் பழைய படத்தில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கண்ணால் பார்த்துப் போட்ட கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, கலங்கரை விளக்கமும் பாறையும் அதே படத்தில் இருப்பதால்.

நீரோட்டத்தையும் அப்பாவிடமே கேளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் குமரிக்குத் தெற்கே நீர் மேற்காகவும், தென்மேற்குப் பருவத்தில் கிழக்காகவும் ஓடும் என்று புத்தகம் சொல்லும். எந்த மாதம் எந்த ஆழத்தில் எவ்வளவு இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். மணிக்கு ஒரு மைல் இழுப்பு நாலு மணி நேரத்தில் உங்களை நாலு மைல் தள்ளியிருக்கும்.

ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்க் கடலுக்கான வரைபடம் ஒன்று வாங்குங்கள். டேராடூனிலுள்ள ஹைட்ரோகிராபிக் அலுவலகம் வெளியிடுகிறது. அப்பா பக்கத்தில் உட்காரட்டும். அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு பாரின் கணிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும் தென்னையும் குருசடியும் படத்தில் இருக்காது. அவற்றை நீங்களே கரையில் நடந்துபோய்க் குறித்துவர வேண்டியிருக்கும். பிறகு இரண்டு கோடும் போட்டு, வெட்டுமிடத்தில் படம் காட்டும் ஆழத்தையும் அடித்தரையையும், அவர் ஈயக்கட்டி விட்டுப் பாகத்தில் கணக்கிட்ட ஆழத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். கணிச்சம் குடும்பச் சொத்து.