ஓசையும் உள்ளமும்

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்தில் தறியொலி நாள்தோறும் எழும். அதனை வெறுப்பார் அரியர். தம் பிழைப்பின் ஒலியன்றோ! ஆகாய விமானத்தின் ஓசையோ வேறு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல், அவ்வோசை பகல், மாலை, இரவு மூன்றுக்குமான சராசரியில் 45 டெசிபலுக்குக் கீழ் இருத்தல் வேண்டுமென்றது. ஆயினும் மக்களின் எரிச்சலை அளவுகோல் ஒன்றே விளக்காதென்பர் மனநூலார். விமானம் தலைமேல் வீழுமோவென்னும் அச்சம், அதனைத் தடுக்கவியலாமை, அதிகாரிகளிடத்து அவநம்பிக்கை ஆகிய இவையே எரிச்சலை வளர்ப்பன. இவற்றுள் இறுதியதே கொடிதென்பது நம் கருத்து.

2022-இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் வெளியானதும் ஏகனாபுரத்தார் எதிர்த்தெழுந்தனர். நிலமும் ஏரியுமே அவர்தம் கவலை, ஓசையன்று. எனினும் ஆண்டு விமானம் பறக்குமாயின், நிலமிழந்தானுக்கும் அங்கே வேலைபெற்றானுக்கும் ஒரே ஓசை இருவேறாகக் கேட்கும்.