பார்க்காமல் சொல்வதற்கு ஒரு ஆங்கிலச் சொல்

பள்ளியில் ரெசிடேஷன் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளையிடம் ‘ரிசைட்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். “மனப்பாடம் பண்றது” என்று பதில் வரும். அதில்தான் பிசகு. மனப்பாடம் பண்ணுவது வீட்டில் முடிந்துவிடும். நாலு பேர் காதில் விழும்படி அதை எடுத்துச் சொல்வதே ரிசைட்.

முதல் வேலை, அந்த இடத்துக்குப் பொருந்தும் தமிழ்ச் சொல்லைப் பிடிப்பது. வாய்ப்பாடு என்றால் ஒப்பிப்பது, தேவாரம் என்றால் ஓதுவது. ஒப்புவித்தல்தான் ஒப்பித்தல் ஆயிற்று. வாத்தியாரிடம் வாங்கியதை அவரிடமே ஒப்படைக்கிறோம். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு உரக்க வாசிப்பது என்று பொருள். வீட்டுக்காரர் வாடகை பாக்கி, கரண்ட் பில், தண்ணீர்க் காசு என்று மூச்சு விடாமல் அடுக்கினாலும் ரிசைட்தான். சொல்கிறவருக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாங்காக்கின் அரசவைப் பிராமணர்கள் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையைச் சடங்கில் ஓதி வந்தார்கள். அவர்கள் பேசுவதோ தாய்லாந்து மொழி.

அடுத்து வாக்கியம். எதைச் சொல்கிறோமோ அது வினையை ஒட்டியே வரும்: ‘ரிசைட் எ போயம்’. நடுவில் ‘அபவுட்’ வேண்டாம். யாரிடம் என்பதற்கு ‘டு’. பார்க்காமல் என்று அழுத்த ‘ஃப்ரம் மெமரி’. மனப்பாடம் செய்வதற்கு ‘லேர்ன் பை ஹார்ட்’. “பைஹார்ட் பண்ணிட்டேன்” என்பது நம் தெருவில் செல்லும், பரீட்சைத் தாளில் ‘ஐ பைஹார்ட்டட்’ என்று எழுதினால் சிவப்பு மைதான். உச்சரிப்பில் ‘சை’யை அழுத்துங்கள். பெயர்ச்சொல்லாகி ரெசிடேஷன் என்றானதும் அழுத்தம் ‘டே’க்கு நகர்ந்துவிடும்.

இனி செய்து பார்க்க வேண்டியதுதான். அதற்கு அடி அண்ணாமலைக்கு வாருங்கள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் இங்கே மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடியதாக மரபு. மொத்தம் 20 பாட்டு, பாட்டுக்கு 8 அடி. இரண்டிரண்டு அடியாக வாசித்து, புத்தகத்தை மூடி, வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் எல்லாம் வந்துவிட்ட மாதிரித்தான் இருக்கும். நாக்குக்குத்தான் உண்மை தெரியும்.

திருவெம்பாவையில் ஒரு வழுக்கல் உண்டு. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி முடிவதால் நாலாவதை முடித்தவர் பதினொன்றாவதில் போய் நிற்பார். ரமண மகரிஷியின் அக்ஷரமணமாலையில் இந்தத் தொல்லை குறைவு. இதே மலையின் விரூபாட்ச குகையில் அவரோடு இருந்த சாதுக்கள் பிச்சைக்குப் போகும்போது பாடுவதற்காக உண்டானது அது. 108 கண்ணிகளில் பெரும்பாலானவை எழுத்து வரிசையில் தொடங்குவதால், வழி தவறினாலும் எழுத்து கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். திருவெம்பாவைக்கு அப்படிக் கோத்துப் பிடிக்கும் நாரை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்: ஒரு பாட்டின் கடைசி அடியோடு அடுத்ததன் முதல் சொல்லைச் சேர்த்து ஒரே மூச்சில் பத்து முறை. வரிசை படிந்ததும் ஒன்பதாவதில் ஆரம்பித்துப் பாருங்கள். தடுமாறினால் இன்னும் உரு ஏறவில்லை.

கடைசியாக நடை. கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. சாதாரண நாளில் விடியற்காலை கிளம்புங்கள். புத்தகத்தைக் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நின்றால் அவர் உடனே வாய் திறக்கக் கூடாது. பத்து எட்டு நடந்த பிறகும் வரவில்லையென்றால் முதல் சொல்லை மட்டும் அடியெடுத்துக் கொடுக்கலாம். முழு வரியையும் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டை ரிசைட் பண்ணியது அவர்தான்.