படைவாத்தியமும் பன்னாட்டுச் சுருதியும்

1854ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரி என்னும் இடத்தில், ருஷியரோடு பொருதற்பொருட்டுச் சென்ற ஆங்கிலச் சேனை அணிவகுத்து நின்றது. அன்று விக்டோரியா மகாராணியாரின் பிறந்த நாள். ஏறக்குறைய இருபது பட்டாளங்களின் பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரே வேளையில் இராஜவாழ்த்துக் கீதத்தை எடுத்தனர். மெட்டு ஒன்றே, ஆயினும் ஒரு பட்டாளத்தார் ஒரு சுருதியிலும், அடுத்து நின்றவர் வேறொரு சுருதியிலும், தத்தம் தலைவர் அமைத்துக் கொடுத்தவாறே வாசித்தமையால், வாழ்த்துப்பா பெருங்கூச்சலாய் முடிந்தது என்பர். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டாளத்தின் வாத்தியங்களும் அப்பட்டாளத்து அதிகாரிகளின் கைப்பொருளால் வாங்கப்பட்டவை. கற்பிப்போரும் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜெர்மானியரும் இத்தாலியருமே. இந்நிலையில் ஒற்றுமை எங்ஙனம் வரும்? பின்னர்ச் சேனாதிபதியான கேம்பிரிட்ஜ் கோமகனார் முயன்று, 1857இல் நெல்லர் ஹால் என்னும் மாளிகையில் படைவாத்தியப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளி 2021வரை அம்மாளிகையிலேயே நடைபெற்றது.

ஒரே நாட்டுச் சேனைக்கு இவ்வளவு இடர்ப்பாடு எனின், பல நாட்டுப் படைவாத்தியங்கள் ஒரு மேடையிற் கூடி வாசித்தல் எத்துணை அரிதென்பது சொல்லாமலே விளங்கும். அவ்வருமையின் காரணங்களையும், அதனை மேற்கொண்ட முயற்சிகள் சிலவற்றையும் இங்கு ஆராய்வோம்.

முதலாவது காரணம் சுருதி. பிடில் வாசிப்போன் முறுக்காணியைச் சற்றுத் திருப்பிச் சுருதி கூட்டிக்கொள்வான். கிளாரினெட்டுக்கும் கொம்புக்கும் அவ்வசதி மிகச் சிறிது. குழலின் நீளமே அவற்றின் சுருதியைத் தீர்மானித்துவிடுகிறது. நம் நாகசுரத்தில் திமிரியும் பாரியும் ஒருங்கே ஒலித்தால் எங்ஙனமிருக்கும் என்று கருதிப் பார்ப்பவர்க்கு இது எளிதிற் புலனாகும். பிரெஞ்சு அரசாங்கத்தார் 1859இல் தம் நாட்டு ஆதாரச் சுரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வுகள் என்று சட்டம் செய்தனர். ஆங்கிலப் படைகளிலோ அதே சுரம் சுமார் 452 அதிர்வுகளாய் உயர்ந்திருந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வேறு சுரமென்று கொள்ளவும் இயலாது, அதே சுரமென்று பொறுக்கவும் இயலாது. செவிக்கு இதனினும் கொடியது வேறில்லை.

இரண்டாவது காரணம் தூரம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நிமிஷத்துக்கு 120 அடி வைக்கும் நடையில் அடி ஒன்றுக்கு அரை வினாடி. ஆதலின், 170 மீட்டருக்கு அப்பால் நிற்பவன் தன் செவியை நம்பி வாசிப்பானாயின், முழுதாக ஒரு தாளம் பிந்திவிடுவான். பெருங்கூட்டத்தில் வாசிப்போர் செவியைவிடக் கண்ணையே நம்பவேண்டும். தலைவன் கையிலுள்ள கோல் வெறும் அலங்காரமன்று.

இவற்றை முதலில் நன்குணர்ந்து வேலை செய்தவர் பிரஷ்ய நாட்டு வில்ஹெல்ம் வீப்ரெக்ட். அவர் படைவாத்தியங்களை ஒரே முறையில் அமைத்தார். மோரிட்ஸ் என்னும் கருவியாளரோடு சேர்ந்து 1835இல் டியூபா என்னும் பெருங்குழலையும் இயற்றினார். 1838இல் ருஷியச் சக்கரவர்த்தி பெர்லினுக்கு வந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊதுவாத்தியக்காரரையும் இருநூறு முரசறைவோரையும் ஒரு கோலின்கீழ் நடத்திக் காட்டினார். எனினும் அவர்கள் ஒரே அரசரின் குடைக்கீழ் வாழ்ந்தோர்.

பல நாட்டாரும் கூடியது 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில். அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் ஒன்பது நாட்டுப் படைவாத்தியங்கள் அங்கே போட்டியிட்டன. வேபர் இயற்றிய 'ஓபரான்' நாடகத்தின் முகப்பிசையை அனைவரும் வாசித்தல்வேண்டும் என்பது விதி. ஒரே உருப்படியை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பலமுறை கேட்ட நடுவர்களின் பொறுமையை வியக்கிறோம்! முதற்பரிசு பிரஷ்யா, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாட்டார்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முந்திய ஆண்டிலேதான் பிரஷ்யரும் ஆஸ்திரியரும் போர்க்களத்தில் ஒருவரையொருவர் கொன்று குவித்தனர் என்பதை நினைவிற்கொள்க. மூன்றாண்டு கழித்துப் பிரஷ்யரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். பரிசைப் பகிர்ந்தமை தீர்ப்போ, இராஜதந்திரமோ என ஐயுறுவார் உளர்; இரண்டும் கலந்ததே என்பது எம் துணிபு.

இனி நாம் சிறிது தங்கிப் பார்க்கவேண்டியது 1872இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் நடந்த உலக சமாதான விழா. அயர்லாந்திற் பிறந்து அங்குக் குடியேறிய பாட்ரிக் கில்மோர் என்னும் வாத்தியத் தலைவர் அதனைக் கூட்டினார். 1869இலேயே அவர் ஒரு விழா நடத்தி, தீயணைக்கும் படையினர் நூற்றுவரைச் செஞ்சட்டை அணிவித்துப் பட்டடைகளைச் சம்மட்டியால் தாளத்தோடு அறையச் செய்தவர். ஆதலின் அடக்கம் அவரிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. இம்முறை பாடுவோரே சுமார் 20,000 பேர். வியன்னா நகரத்து ஜோஹான் ஸ்ட்ராஸ் வந்து தம் இசையை நடத்தினார். துணைத் தலைவர்கள் பலர் ஆங்காங்கே நின்று தம் கைக்குறிப்பைப் பின்னோர்க்குக் காட்டியதாகவும், பீரங்கி வெடியே தொடங்குதற்கு அடையாளமாயிருந்ததாகவும் அவர் பிற்காலத்திற் கூறினார். தூரத்தைப்பற்றி நாம் மேலே சொன்ன கணக்கை அவர் நேரில் அனுபவித்தார் போலும்.

எம் உள்ளத்தைக் கவர்வது இவ்வாரவாரமன்று. இங்கிலாந்திலிருந்து டான் காட்பிரேயின்கீழ்க் கிரெனடியர் காவற்படை வாத்தியமும், பிரான்சிலிருந்து போலுஸின்கீழ்க் குடியரசுக் காவற்படை வாத்தியமும், ஜெர்மனியிலிருந்து ஹைன்ரிக் சாரோவின்கீழ்ப் பிரான்ஸ் சக்கரவர்த்தி கிரெனடியர் வாத்தியமும் அங்கு வந்தன. பிரெஞ்சுக்காரர் தோல்வியுற்று, அல்சேஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து ஓராண்டே கழிந்திருந்தது. அவ்விழா நடந்த நாட்களிலும் ஜெர்மானியப் போர்வீரர் பிரெஞ்சு மண்ணில் தண்டிறங்கியிருந்தனர். அவர்களில் கடைசியானோர் வெளியேறியது 1873 செப்டம்பரில். அத்தகையோர் ஒரே கூரையின்கீழ் வந்து வாசித்தனர். ஒவ்வொரு நாட்டார்க்கும் தனித்தனி நாள் வகுக்கப்பட்டிருந்தது. பகையை முன்னிட்டு மட்டுமன்று, சுருதியை முன்னிட்டும் அதுவே தக்க ஏற்பாடு என்று தோன்றுகிறது. விழாவில் பண நஷ்டம் ஏற்பட்டது. கில்மோரோ, ஐரோப்பிய வாத்தியங்களைக் கேட்டறிந்த பின்னர், நியூயார்க்கில் 22ஆம் ரெஜிமெண்டின் பாண்டை ஏற்று அதனைப் பெரிதாக்கி, 1878இல் ஐரோப்பாவுக்கே அழைத்துச் சென்றார்.

சுருதிப் பிணக்கு தீர நெடுநாளாயிற்று. 1939இல் லண்டனிற் கூடிய சர்வதேச மாநாடு 440 அதிர்வுகள் என்று வரையறுத்தது. 1950இலிருந்து எடின்பரோக் கோட்டை முற்றத்தில் நடைபெறும் டாட்டூ விழாவில் பல நாட்டு வாத்தியங்கள் இறுதியில் ஒருங்கே ஒலித்தற்கு இத்தகைய ஏற்பாடே துணை. (டாட்டூ என்பது, வீரர் பாசறைக்குத் திரும்பும்பொருட்டுச் சாராயப் பீப்பாயின் குழாயை அடைக்குமாறு கடைக்காரர்க்கு ஒல்லாந்து மொழியில் இட்ட கட்டளையினின்று பிறந்த சொல்.) ஆயின், ஸ்காட்லாந்தியரின் பைக்குழல் மட்டும் மாநாட்டுக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் ஆதாரச் சுரம் 466 அதிர்வுகளையும் கடந்து நிற்கும். அதனோடு சேரும்போது ஏனைய நாட்டு வாத்தியங்களே தம் சுரத்தை மாற்றி, இயன்ற அளவு உயர்த்தி, அதற்கு இணங்குகின்றன. எல்லாம் ஓய்ந்தபின், கோட்டைமதிலின்மேல் ஒரே ஒருவன் நின்று அக்குழலை ஊதுவான். அப்போது அவன் எவருடைய சுருதிக்கும் இணங்கவேண்டுவதில்லை.